உடன்பாடே குற்றம்

சாந்தினி சௌக்குக்குப் போய் வராத தமிழ் மாணவர் நம் பல்கலைக்கழகத்தில் இருக்க முடியாது. ஜிலேபி தின்னப் போயிருப்போம். பழைய புத்தகம் தேடிப் போயிருப்போம். ஊரிலிருந்து வந்த அத்தைக்குச் சேலை எடுக்கத் துணையாகவும் போயிருப்போம். 1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள் அந்த நெரிசலின் நடுவே ஒரு யானை ஊர்வலம் சென்றது. தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றியதைக் கொண்டாடும் முறையில் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு நகருக்குள் நுழைந்த நாள் அது. எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து அம்பாரியின் மீது விழுந்தது. வைசிராய் காயத்தோடு தப்பினார். அவருக்குப் பின்னால் குடை பிடித்திருந்த பணியாள் இறந்தார். வீசியவர் கூட்டத்தோடு கூட்டமாய் மறைந்துபோனார்.

அக் குண்டின் எதிரொலியாக, 1913 மார்ச்சு மாதத்தில், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புதிதாக ஓர் அத்தியாயம் செருகப்பட்டது. 120-ஏ, 120-பி என இரண்டே பிரிவுகள். 'குற்றமுறு சதி' என்பது அதன் பெயர். நூற்றுப் பதினொன்று ஆண்டுகள் இந் நாட்டில் நடமாடியபின், 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, நாம் செய்தித்தாள்களில் 'இ.பி.கோ.' என்று படித்துப் பழகிய தாய்ச் சட்டத்தோடு சேர்ந்து அதுவும் நீக்கப்பட்டது. பிறந்த கதை, வளர்ந்த கதை, போன கதை மூன்றையும் நம் சங்கத்து நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் சட்டம் பயில்பவன் அல்லேன், பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிப்பவன். சட்டக் கல்லூரியில் பயிலும் அறைத்தோழர் ஒருவர் இரவெல்லாம் உரக்கப் படித்துத் தேர்வுக்கு ஆயத்தமானதன் பயனாக இப் பிரிவு என் காதில் புகுந்தது. புகுந்தது வெளியேற மறுத்துவிட்டது. காரணம், எங்கள் துறையினரை நாள்தோறும் அலைக்கழிக்கும் கேள்வி ஒன்று அதனுள் இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை உண்டென்று எவ்வாறு நிறுவுவது? எங்களுக்கு விடை தவறினால் தாள் ஒன்று திரும்பி வரும். நீதிமன்றத்தில் விடை தவறினால் ஒருவனது கழுத்து போகும்.

முதலில் சட்டம் சொல்வது என்னவென்று பார்ப்போம். சாதாரணமாகக் குற்றச் சட்டம் மனிதனுடைய எண்ணத்தைத் தண்டிப்பதில்லை, செயலைத்தான் தண்டிக்கிறது. கந்தன் என்ற மாணவன் நம் சோதனைச்சாலையிலுள்ள நுண்ணோக்கியைத் திருட வேண்டுமென்று மனத்துக்குள் நினைக்கிறான். நினைத்துக்கொண்டே இருக்கட்டும், போலீசாருக்கு அவனிடம் வேலையில்லை. அவன் தன் எண்ணத்தை வேலனிடம் சொல்கிறான். வேலன் "சரி, நாளை இரவு" என்கிறான். மெக்காலே பிரபு வகுத்து 1860இல் நிறைவேறிய மூலச் சட்டத்தின்படி இதுவரையிலும்கூடக் குற்றமில்லை. அச் சட்டத்தில் சதி என்பது 'உடந்தை'யின் ஒரு வகை மட்டுமே. சதியை யொட்டி ஏதேனும் ஒரு செயல் நடந்தால்தான் அது குற்றமாகும். கம்பி வெட்டும் கருவியை வாங்கிவரட்டும், காவலாளியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும், பிறகு பிடிக்கலாம் என்று அச் சட்டம் பொறுமையாகக் காத்திருந்தது.

1913இல் வந்த சட்டம் அந்தப் பொறுமையை எடுத்துவிட்டது. இருவரோ அதற்கு மேற்பட்டவரோ ஒரு குற்றத்தைச் செய்ய உடன்பட்டால், அந்த உடன்பாடே குற்றம். வேலன் "சரி" என்ற சொல்லை உதிர்த்த கணத்தில் குற்றம் முழுமை பெற்றுவிடுகிறது. மறுநாள் காலையில் இருவருக்கும் நல்லறிவு தோன்றி, நுண்ணோக்கியின் பக்கமே போகாமல் வகுப்புக்குச் சென்றாலும், நடந்தது நடந்ததுதான். திருட்டு நடவாவிட்டால் தண்டனை குறைவு. நடந்துவிட்டாலோ, சதியில் சேர்ந்த எல்லோருக்கும் உடந்தையாளருக்குரிய தண்டனை. அது செய்தவனுக்குரிய தண்டனையே. குற்றம் கொலையாயின் தூக்கு வரையிலும் போகலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

குற்றமல்லாத, ஆனால் சட்டத்துக்கு மாறான செயலுக்கு உடன்பட்டாலும் சதிதான் என்றது அப் பிரிவு; அவ்வகையில் மட்டும் உடன்பாட்டுக்கு மேல் ஏதேனும் ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். அத்தகைய சிறு சதிகளுக்கு ஆறு மாதச் சிறை அல்லது அபராதம். நீதிமன்றங்களின் பெரிய வழக்குகளுள் இவ்வகை அருமையாகவே தலைகாட்டுகிறது. ஆதலின் இதை இவ்வளவில் விடுவோம்.

1913க்கு முன்னும் ஒரு சதிச் சட்டம் இருந்தது. அதைச் சொல்லாமல் இக் கதை விளங்காது. 1870இல், இராஜத்துரோகப் பிரிவு சட்டத்தில் நுழைந்த அதே திருத்தத்தின் வாயிலாக, 121-ஏ என்ற பிரிவும் நுழைந்தது. அரசருக்கு எதிராகப் போர் தொடுக்கவோ, படைபலம் காட்டி அரசாங்கத்தை அச்சுறுத்தவோ சதி செய்தால் ஆயுட்காலத் தீவாந்தரம் வரை தண்டனை. எந்தச் செயலும் நடக்க வேண்டியதில்லை, சதி ஒன்றே போதும் என்று அதில் விளக்கக் குறிப்பும் இருந்தது. பொதுமக்களின் திருட்டுக்கும் கொலைக்கும் பொறுத்திருந்த சட்டம், சிங்காசனம் என்றதும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் முன்னதாகவே பொறுமை இழந்துவிட்டது என்பது கவனிக்கத் தக்கது.

இப் பிரிவை நம்மவர் நன்கு அறிவர், பெயர் தெரியாவிட்டாலும். திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்கள் மணியாச்சிச் சந்திப்பைக் கடந்து எத்தனையோ முறை போயிருப்பார்கள். 1911 ஜூன் 17ஆம் நாள் அங்கே கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், அடுத்த சில நிமிடங்களில் தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். ஆகவே சென்னை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு ஆயத்தின் முன் நிறுத்தப்பட்ட பதினான்கு பேரில் ஒருவர்கூடத் துப்பாக்கி பிடித்தவர் அல்லர். பிடித்த கை சாம்பலாகிவிட்டது. எஞ்சியிருந்தவை கடிதங்கள், கூட்டங்கள், சபதம் எடுத்த கதை, அப்ரூவர்களின் வாய்மொழி ஆகியவை. 121-ஏ பிரிவு அங்கே கைகொடுத்தது. 1912இல் தீர்ப்பு வந்தது. முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுக் கடுங்காவல். திருநெல்வேலிச் சதி வழக்கு என்று வரலாற்றில் நின்ற பெயரைக் கவனியுங்கள். கொலை வழக்கு என்றுகூட அன்று; சதி வழக்கு என்றே அது நின்றுவிட்டது.

அப்படியானால் 121-ஏ இருக்கும்போது 120-பி எதற்கு? இவ்வினா எனக்கும் எழுந்தது. விடை எளியது. போர் தொடுக்கும் சதி என்று நிறுவ வேண்டுமாயின், ஆட்சியைக் கவிழ்க்கும் நோக்கம், அமைப்பு, ஆயுதம் என்று பலவற்றைக் காட்ட வேண்டும். 'இன்னாரைக் கொல்லலாம்' என்று நாலு பேர் கூடிப் பேசியதை மட்டும் வைத்துக்கொண்டு, செயல் ஒன்றும் நடவாத நிலையில், எவரையும் பிடிக்க இடமில்லை. இங்கிலாந்தில் இடமிருந்தது. அந்நாட்டுப் பொதுச் சட்டத்தில் உடன்பாடே குற்றம் என்பது நெடுநாளைய மரபு. சாந்தினி சௌக்குக் குண்டுக்குப் பிறகு அம் மரபு இங்கே கப்பலேறி வந்தது.

அது முதலில் பதம் பார்த்தது யாரை? 1913 மே 17இல், சட்டம் வந்து இரண்டு மாதம் நிரம்புமுன், லாகூரில் லாரன்ஸ் தோட்டத்தருகே வைக்கப்பட்ட குண்டொன்று வெடித்து ஒரு சேவகர் இறந்தார். அதை வைத்தவர் பசந்த குமார் பிஸ்வாஸ் என்பது வழக்கு. அவரோடு அமீர் சந்த், அவத் பிஹாரி, பால் முகுந்த் ஆகியோரும் கொலைச் சதிக்காக விசாரிக்கப்பட்டனர். தில்லிச் சதி வழக்கு என்பது இதுவே. 1915 மே மாதத்தில் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். பிஸ்வாஸ் அம்பாலாவில், மற்ற மூவரும் இத் தில்லியில். செஷன்ஸ் நீதிபதி பிஸ்வாசுக்கு ஆயுள் தண்டனையே விதித்திருந்தார். பஞ்சாப்பு மேல் நீதிமன்றம் அதைத் தூக்காக உயர்த்தியது. முதல்வரெனக் கருதப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் ஜப்பானுக்குத் தப்பிவிட்டார். மூவரைத் தூக்கிலிட்ட பழைய சிறை நின்ற இடத்தில் இன்று மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி நிற்கிறது. நம் சங்கத்து மருத்துவ மாணவர்கள் அங்குள்ள நினைவிடத்தை ஒரு முறையேனும் பார்த்து வரலாம்.

இனி என் மனத்தை உறுத்திய கேள்விக்கு வருகிறேன். உடன்பாடு என்பது இரு மனங்களின் சேர்க்கை. அது எடையற்றது, நிறமற்றது, பெரும்பாலும் எழுத்தில்லாதது. சதி செய்பவர்கள் முத்திரைத்தாளில் கையெழுத்திட்டு வைப்பதில்லை. நீதிமன்றங்களும் இதை ஒப்புக்கொண்டு, சதிக்கு நேர்ச் சாட்சி கிடைப்பது அரிது, சூழ்நிலையிலிருந்தே அதை உய்த்துணர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

இவ்விடத்தில் சட்டத்துக்குத் துணை நின்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் பத்தாம் பிரிவு. சிலர் சதி செய்திருக்கிறார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அப் பொது நோக்கத்தைக் குறித்து அவர்களுள் ஒருவர் சொன்னதும் செய்ததும் எழுதியதும் மற்ற ஒவ்வொருவருக்கும் எதிராகச் சாட்சியமாகும் என்பது அதன் சாரம். அப் பிரிவுக்குச் சட்டமியற்றியவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டு ஒரு சிறுகதை போன்றது. ஒருவன் ஐரோப்பாவில் ஆயுதம் வாங்குகிறான். ஒருவன் கல்கத்தாவில் பணம் திரட்டுகிறான். ஒருவன் பம்பாயில் ஆள் சேர்க்கிறான். ஒருவன் ஆக்ராவில் துண்டு வெளியீடு அச்சிடுகிறான். தில்லியிலிருந்து காபூலுக்குப் பணம் போகிறது. இன்னொருவன் இவை பற்றிக் கடிதம் எழுதுகிறான். இவ்வளவும் முதல் எதிரிக்கு எதிராகச் சாட்சியமாகும். இவற்றுள் ஒன்றும் அவனுக்குத் தெரியாதிருக்கலாம். செய்தவர்கள் அவன் முகம் காணாதவர்களாக இருக்கலாம். அவன் சேருமுன் நடந்தவையாகவோ, விலகிய பின் நடந்தவையாகவோ இருக்கலாம். இருந்தாலும் சாட்சியமே!

சாட்சியம் என்றால் உடனே தண்டனை என்று பொருளன்று; அவன் சதியில் சேர்ந்தவன் என்பதை வேறு வழியிலும் நிறுவ வேண்டும் என்று அறைத்தோழர் திருத்தினார். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நம் விடுதியின் வாட்சப்பு குழு ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். ஐம்பது பேர் இருக்கிறார்கள். நள்ளிரவில் ஒருவன் வீறாப்பாக ஏதோ எழுதுகிறான். இருவர் கட்டைவிரல் உயர்த்துகிறார்கள். நாற்பத்தேழு பேர் தூங்குகிறார்கள். அவர்களுள் யார் உடன்பட்டவர், யார் வாளாவிருந்தவர், யார் பார்க்கவே இல்லை என்று பிரித்தெடுப்பது நியாயாதிபதியின் வேலை. எளிய வேலையன்று.

எங்கள் துறையில் வில்சனின் மேக அறை என்றொரு கருவி உண்டு. அணுத்துகளை யாரும் கண்டதில்லை. அது ஈரக் காற்றினூடே பாய்ந்து செல்லும்போது பின்னால் விட்டுச் செல்லும் நீர்த்துளிக் கோட்டைத்தான் காண்கிறோம். அக் கோடு முதன்முதல் படமெடுக்கப்பட்ட ஆண்டு 1911, ஆஷ் துரை சுடப்பட்ட அதே ஆண்டு. கோட்டைக் கண்டு துகளை உய்த்துணர்வது போலவே சந்திப்பையும் பயணத்தையும் கண்டு உடன்பாட்டை உய்த்துணர்கிறது நீதிமன்றம். ஆனால் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஐயம் தோன்றினால் இன்னும் ஆயிரம் கோடுகளைப் படமெடுப்போம். நீதிபதியிடம் இருப்பது ஒரே கோடு. அதுவும் சில வேளைகளில் போலீசார் வரைந்து தந்த கோடு.

அக் கோட்டை நீட்டிக்கொண்டே போனால் எங்கே முடியும் என்பதற்கு மீரட் வழக்கு சான்று. தில்லிக்கு அருகில்தான் மீரட். 1929 மார்ச்சு 20ஆம் நாள் நாட்டின் பல நகரங்களில் தொழிற்சங்கத் தலைவர்கள் முப்பத்தொருவர் ஒரே வேளையில் கைது செய்யப்பட்டு அங்கே கொண்டுவரப்பட்டனர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் விசாரித்தால் ஜூரி கேட்கும் உரிமை இருந்தது; மீரட்டில் அந்தத் தொல்லை இல்லை. இந்தியாவின் மீது மன்னருக்குள்ள இறைமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது 121-ஏ பிரிவின் கீழான குற்றச்சாட்டு. சான்றுகளாக வந்தவை நூல்கள், கடிதங்கள், மேடைப் பேச்சுகள், சங்க அறிக்கைகள். 1933 ஜனவரியில்தான் செஷன்ஸ் தீர்ப்பு வந்தது. இருபத்தேழு பேருக்குத் தண்டனை. முசபர் அகமதுக்கு ஆயுட்காலத் தீவாந்தரம், டாங்கேக்குப் பன்னிரண்டாண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் இருவருடையதையும் மூன்றாண்டாக வெட்டியது. நான்காண்டுக் காவலே ஏற்கெனவே கழிந்துவிட்டிருந்தது!

எதிரிகளுள் ஆங்கிலேயர் மூவர். அவர்களில் பிலிப் ஸ்பிராட் என்பவர் பின்னர் இந்நாட்டிலேயே தங்கினார். சிங்காரவேலரின் பேத்தி முறையான சீதா அம்மையாரை மணந்தார். கடைசியில் 1971இல் சென்னையிலேயே காலமானார். 1924ஆம் ஆண்டுக் கான்பூர்ச் சதி வழக்கில் சிங்காரவேலரின் பெயரும் இருந்தது. உடல்நலக் குறைவால் அவர் விசாரணைக்கு உட்படவில்லை. ஒரு சதி வழக்கின் எதிரி, இன்னொரு சதி வழக்கின் எதிரிக்குப் பேரன் முறையானார். பொது நோக்கம் எப்படியோ நிறைவேறிவிட்டது என்று அறைத்தோழர் நகைத்தார்.

பத்தாம் பிரிவின் கோட்டை ஓரளவு குறுக்கியது பிரிவி கவுன்சில். மிர்சா அக்பர் வழக்கில் 1940இல் அது சொன்னதாவது: சதி நடந்துகொண்டிருக்கும்போது சொன்னதும் எழுதியதும்தான் மற்றவரைப் பிணைக்கும், சதி முடிந்து கைதான பிறகு ஒருவர் அதிகாரியிடம் சொல்லும் பழங்கதை மற்றவரைப் பிணைக்காது. என் கருத்தில், இந் நூற்றுப் பதினோராண்டு வரலாற்றில் தனிமனிதனுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு இதுதான். வெள்ளைக்கார மன்றம் தந்தது என்பதற்காக அதை நாம் குறைத்து மதிக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் பழைய ஆட்சியின் இச் சட்டத்தைச் சுதந்திர நாடு தூக்கி எறிந்ததா? இல்லை. எறிய நேரமே இருக்கவில்லை என்றும் சொல்லலாம். காந்தியடிகள் கொலை வழக்கு 1948இல் செங்கோட்டையில் நடந்தபோது அதன் முதுகெலும்பே 120-பி பிரிவுதான். சுட்டவர் ஒருவர், தூக்கு மேடை ஏறியவர் இருவர். அப்ரூவர் சொன்னதற்கு வேறு சான்று துணை நிற்கவில்லை என்பதால் சாவர்க்கர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் இன்னும் இருவர் விடுதலையாயினர். பிறகு 1961இல், இராணுவக் கிடங்குப் பொருள்களைக் கடத்திய பார்சே வழக்கில், சட்டத்தை மீற உடன்படுவதே இக் குற்றத்தின் சாரம், மீறியிருக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் வரையறுத்தது. ஹார்டிஞ்சு காலத்துச் சட்டம் குடியரசின் சட்டமாகக் குடியேறிவிட்டது.

உய்த்துணர்தல் எவ்வளவு நுண்ணிய இழையில் தொங்கும் என்பதற்கு இத் தில்லியிலேயே இரண்டு வழக்குகள் உள்ளன. முதலாவது இந்திரா காந்தி அம்மையார் கொலை வழக்கு. கேஹர் சிங் என்பவர் அரசாங்க அலுவலகமொன்றில் பணிபுரிந்தவர். சுட்டவர்களுள் ஒருவரான பியாந்த் சிங்கின் உறவினர். சுட்ட இடத்தில் அவர் இல்லை. அவருக்கு எதிராக நின்றவற்றுள் முக்கியமானவை, 1984 அக்டோபர் 17இல் இருவரும் வீட்டு மாடியில் பதினைந்து இருபது நிமிடம் தாழ்ந்த குரலில் பேசியது, பின் குடும்பத்தோடு அமிர்தசரசுக்குப் போய் வந்தது ஆகியவை. மாடியில் என்ன பேசினார்கள் என்பதைக் கேட்டவர் எவருமில்லை. உச்சநீதிமன்றம் 1988இல் பல்பீர் சிங்கை விடுவித்தது. கேஹர் சிங்கின் தூக்கை உறுதி செய்தது. 1989 ஜனவரி 6இல் அது நிறைவேறியது. தீர்ப்பைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் இரு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். கேட்கப்படாத உரையாடல் ஒன்று ஒருவரைத் தூக்குமேடை வரை கொண்டுசென்றது என்பதை மட்டும் நான் குறிக்கிறேன்.

இரண்டாவது நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கு. தில்லிக் கல்லூரி ஒன்றில் அரபு மொழி கற்பித்த கீலானி, தம் தம்பியோடு காஷ்மீரி மொழியில் தொலைபேசியில் பேசிய சுமார் இரண்டு நிமிடப் பேச்சு அவருக்கு எதிரான முக்கியச் சான்று. அச் சொற்களுக்குப் போலீசார் தரப்பு ஒரு பொருள் கூறியது, எதிர்த் தரப்பு மொழியறிஞர்கள் வேறு பொருள் கூறினார்கள். 2002இல் சிறப்பு நீதிமன்றம் தூக்கு விதித்தது. 2003இல் தில்லி உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2005இல் உச்சநீதிமன்றம் விடுதலையை ஏற்றது. தாய்மொழியைப் பிறர் நடுவே பேசி வாழும் நாம் இவ் வழக்கை இன்னொரு முறை படிக்கலாம். ஊருக்குப் பேசும்போது நாம் சொல்லும் 'வெச்சு செய்யறேன்' என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் எப்படி எழுதுவாரோ!

மூன்றாவது நம் மண்ணின் வழக்கு. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் ஒருசேரத் தூக்கு விதித்தது. 1999 மே 11இல் உச்சநீதிமன்றம் அவ் இருபத்தாறையும் ஒவ்வொருவராக எடுத்து நிறுத்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். எஞ்சிய பத்தொன்பது பேரும் கொலைச் சதியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் சிலருக்கு வேறு சிறு குற்றங்களுக்கான தண்டனை மட்டும் நின்றது. அக் காலத்தையும் அவர்கள் முன்பே சிறையில் கழித்துவிட்டிருந்தனர். சதிகாரருடன் பழகியிருத்தல் சதியாகாது. சதியைப் பற்றி அறிந்திருத்தல் மட்டும் சதியாகாது. காரியம் முடிந்தபின் புகலிடம் அளித்தல் வேறு குற்றமாகலாம், சதியாகாது என்று அத் தீர்ப்பு கோடு கிழித்தது. இருபத்தாறிலிருந்து ஏழு! முதல் நீதிமன்றம் கண்ட உடன்பாட்டில் முக்காற் பங்கு, அளந்து பார்த்தபோது இல்லாமற்போயிற்று.

நால்வருள் ஒருவரான பேரறிவாளன், 1991 ஜூனில் கைதானபோது பத்தொன்பது வயதினர். மின்னணுவியல் டிப்ளமா படித்தவர். ஒன்பது வோல்ட்டு மின்கலங்கள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவருக்கு எதிரான செய்திகளுள் முதன்மையானது. மின்கலம் வாங்குவது குற்றமன்று; நம்மில் பாதிப் பேர் அதை மாதந்தோறும் வாங்குகிறோம். எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பதிலேதான் எல்லாம் இருந்தது. தடாச் சட்டத்தின்படி போலீசு அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் அதற்கு விடையாகக் கொள்ளப்பட்டது. அவ் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வுபெற்றபின் 2013இல், 'எதற்கென்று தெரியாது' என்று அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகக் கூறினார். உடன்பாட்டுக்கும் அறியாமைக்கும் இடையே ஒரு வாக்கியந்தான் தூரம். அது தாளில் ஏறவில்லை. தூக்கு 2014இல் ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18இல் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. மற்ற அறுவரும் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தனர். முப்பத்தொரு ஆண்டு. என் வயது இருபத்து மூன்று.

கொலையுண்ட தலைவருக்கும், அவரோடு மாண்ட பலருக்கும் நியாயம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். சதிச் சட்டமே கூடாது என்பது என் வாதமன்று. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கொலையைப் பகிர்ந்து செய்யும்போது, கருவி பிடித்த ஒருவனை மட்டும் தண்டித்து ஏவிய ஒன்பதின்மரை விட்டுவிட்டால் அது சட்டமாகாது. ஆனால் பிறர் மனத்துக்குள் கைவிட்டுத் துழாவும் அதிகாரம் ஒன்றை அரசுக்குக் கொடுத்தால், அந்தக் கைக்கு எவ்வளவு நீளம் என்பதை அளந்து எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

2023இல் அப்படி அளக்க ஒரு வாய்ப்பு வந்தது. பழைய 1860ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிப் பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவரப்பட்டது. வேடிக்கை என்னவெனில் பழையதும் அவ்வாண்டின் 45ஆம் சட்டம், புதியதும் அதன் ஆண்டின் 45ஆம் சட்டம். உள்ளேயும் அதே ஒற்றுமைதான். 120-ஏயும் 120-பியும் இணைந்து 61ஆம் பிரிவாயின. 'உடன்பட்டால்' என்றிருந்தது 'பொது நோக்கத்துடன் உடன்பட்டால்' என்றாயிற்று. இச் சொற்களுக்கு நீதிமன்றங்கள் என்ன எடை கொடுக்கும் என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். 121-ஏ இப்போது 148. சாட்சியச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்தில் எட்டாம் பிரிவாக வீற்றிருக்கிறது. இம் மரபை நமக்குத் தந்த இங்கிலாந்தோ, 1977லேயே சட்டமியற்றி, மோசடி போன்ற சில வகைகள் நீங்கலாக, குற்றம் செய்ய உடன்படுவது மட்டுமே சதி என்று குறுக்கிக்கொண்டது. நாம் குற்றமல்லாத செயலுக்கான சதியையும் விடாமல் வைத்திருக்கிறோம்.

பழைய சட்டத்தில் வாரிசின்றி இறந்த பிரிவுகளும் இருந்தன. வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொன்ற தக்கர் கூட்டத்தாருக்காக எழுதிய 310, 311ஆம் பிரிவுகள் புதிய சட்டத்தில் எங்கும் இல்லை. அவற்றை நீக்கம் என்று தயங்காமல் சொல்லலாம். 120-பியை நீக்கம் என்பதைவிட இடமாற்றம் என்பதே பொருந்தும்.

அதுவும் முழு இடமாற்றமன்று. புதிய சட்டத்தின் 358ஆம் பிரிவு, பழைய சட்டம் நடைமுறையில் இருந்தபோது செய்த குற்றங்களைப் பழைய சட்டப்படியே விசாரிக்க இடம் வைத்திருக்கிறது. 2024 ஜூன் 30க்குள் இருவர் உடன்பட்டு முடித்த சதி ஒன்று இன்னும் பத்தாண்டு கழித்து வெளிப்பட்டாலும், அன்றைய நீதிபதி திறக்க வேண்டிய பக்கம் 1913இல் செருகிய அந்தப் பக்கமே.